மச்சகந்தி பரிமளகந்தி ஆன கதைய ஒரு சென்ட்டா பண்ணணும், மீன் வாடைல மாட்டிக்கிட்டேன்

காவேரிக்கரை_வாசம்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா வீட்டுலயே சின்னதா சென்ட் கலக்கிட்டு இருக்கேன், விக்கறதுக்கு இல்ல, எனக்கும் என் அக்கா தங்கச்சிங்களுக்கும் மட்டும். அமெரிக்காவுல பிளாக் ஃபீனிக்ஸ் ஆல்கெமி லேப்னு ஒரு சின்ன கம்பெனி புராணம், பேய்க்கதை, மந்திரவாதி கதைன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாசனை எண்ணெய் பண்றாங்கன்னு படிச்சதுலேர்ந்து, நம்ம கதைங்கள்ல வாசனை வர்ற இடத்தை எல்லாம் எடுத்து ஆளுக்கு ஒரு 10 மில்லி பாட்டில் பண்ணணும்னு ஒரே ஆசை. சத்தியபாமாவுக்காக கிருஷ்ணர் கொண்டுவந்த பாரிஜாதம் பண்ணிட்டேன், வாசல்ல விடிகாலைல பவழமல்லி கொட்டிக் கிடக்கும்போது வர்ற அந்த வாசம் ஓரளவுக்கு வந்துடுச்சு.

இப்ப சத்தியவதி. யமுனைல ஓடம் ஓட்டுற பொண்ணு, உடம்பு முழுக்க மீன் வாடை, அதனால மச்சகந்தின்னு பேரு. பராசரர் வரம் குடுத்ததும் ஒரு யோஜனை தூரத்துக்கு வாசம் வீசுது, பரிமளகந்தி, யோஜனகந்தின்னு ஆயிடுறா. பின்னாடி சந்தனு ராஜா அந்த வாசத்தை மோப்பம் பிடிச்சுத்தான் ஆத்தங்கரைக்கு வந்து அவளைப் பாக்குறார். மகாபாரதமே ஒரு வாசனைலதான் திரும்புது, இத எப்படி விட முடியும் சொல்லுங்க!

முதல் தடவை மல்லி அப்சல்யூட் (பூவுலேர்ந்து எடுக்கற கெட்டியான சாறு), தாமரை அக்கார்டு (பல வாசனை சேத்து தாமரை மாதிரி பண்ண கலவை), மஸ்க் போட்டு பண்ணேன், கல்யாண மண்டப வாசல்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு, அவ்ளோதான், ஆறும் இல்ல ஓடமும் இல்ல. ரெண்டாவது தடவை மீன் வரணும்னு கடல்பாசி அப்சல்யூட் ரெண்டே சொட்டு விட்டேன், மொத்த பாட்டிலும் அயோடின் நாத்தம் அடிச்சு கீழ ஊத்திட்டேன். மீன் வாடைல ஆரம்பிச்சு நறுமணத்துல முடியற மாதிரி, கையில போட்டுக்கற மாதிரியும் இருக்கணும். இது நடக்கற காரியமா?

வெட்டிவேர்_வியாபாரி:

நடக்கும்மா, ஆனா கடல்பாசிய விட்டுடுங்க. நான் இருபது வருஷமா அத்தர், எண்ணெய் வாங்கி விக்கிற தொழில்ல இருக்கேன், கடல்பாசி அப்சல்யூட்டை நேரா பாட்டில்ல விட்டவங்க யாரும் ஜெயிச்சு நான் பாத்ததில்ல, 1 சதவீதமா கரைச்சு வச்சுக்கிட்டு தொடணும்.

உங்க கதைக்கு ஒரு நல்ல விஷயம், சென்ட்டே நேரத்துல விரியற சாமான்தான். லேசான மூலக்கூறு முதல்ல பறந்து போயிடும், கனமானது கடைசி வரைக்கும் தோல்ல நிக்கும், அதனால முதல் பத்து நிமிஷம் ஆறு, அப்புறம் பூ, சாயங்காலம் கஸ்தூரின்னு கதைய அதே வரிசைல சொல்லிடலாம். கஸ்தூரின்னா நிஜக் கஸ்தூரி கிடையாது, மான் பாதுகாக்கப்பட்ட விலங்கு, யாராவது நிஜம்னு சொல்லி வித்தா வாங்காதீங்க. திமிங்கலத்து அம்பரும் அப்படித்தான், நம்ம நாட்டுல வச்சிருந்தாலே கேஸு. கஸ்தூரி வெண்டை விதை எண்ணெய் பாருங்க, செடிலேர்ந்து வர்ற மஸ்க், பேரிக்காய் தோல் மாதிரி ஒரு மென்மை இருக்கும், விலை ஜாஸ்தி ஆனா 10 சதவீதமா கரைச்சது கொஞ்சம் போதும்.

இன்னொண்ணு, யோஜனை தூரம்ங்கறீங்களே, கணக்குக்குக் கணக்கு மாறும், ஆனா எப்படிப் பார்த்தாலும் சில கிலோமீட்டராவது வரும். மஸ்க் அவ்ளோ தூரம் வீசாது, அது பக்கத்துல வந்தாத்தான் தெரியும், சில பேர் மூக்குக்கு கேலக்சோலைடுங்கற செயற்கை மஸ்க் சுத்தமா தெரியவே தெரியாது. தூரத்துக்கு ஹெடியோன், ஆம்ப்ராக்சான்னு ரெண்டு வாசனை கெமிக்கல் இருக்கு, அதைப் பாருங்க. ஹெடியோன் 1966ல டியோர் கம்பெனியோட ஓ சவாஜ் சென்ட்ல போட்டப்புறம்தான் உலகத்துக்கே தெரிஞ்சது, தனியா மோந்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா கலவைக்குள்ள போனதும் மத்த பூவை எல்லாம் காத்துல தூக்கிட்டுப் போகும். ராஜா மோப்பம் பிடிச்சு வர்றதுக்கு அதுதான் சரி.

கெமிஸ்ட்ரி_டீச்சர்:

இந்தக் கேள்விய பாத்துட்டு ராத்திரி தூக்கம் வரல, அவ்ளோ பிடிச்சுப் போச்சு. காவேரிக்கரை சகோ, நீங்க தேடுற மீனே தப்பான மீன்னு நினைக்கிறேன். நாம மீன் நாத்தம்னு சொல்றது பெரும்பாலும் கடல் மீனோடது, கடல் மீன் உடம்புல உப்பைத் தாங்கறதுக்காக டிரைமெத்திலமைன் ஆக்சைடுன்னு ஒண்ணு நிறைய இருக்கும், மீன் செத்தப்புறம் பாக்டீரியா அதை டிரைமெத்திலமைனா மாத்தும், அந்த வீச்சம்தான் மூக்கைத் துளைக்கிறது. ஆத்து மீன்ல அது ரொம்பக் கம்மி. சத்தியவதி ஓடம் ஓட்டுனது யமுனைல, அது நல்ல தண்ணி!

ஆத்து மீன், குளத்து மீன்ல என்ன வாடை வரும்? சேத்து வாடை. கெண்டை, கெளுத்தி, விரால் வாங்குனவங்களுக்குத் தெரியும். அந்த சேத்து வாடைக்கு முக்கியமான காரணம் ஜியோஸ்மின். மண்ணுலயும் தண்ணிலயும் இருக்கற நுண்ணுயிரிங்க அதை உண்டாக்குது, மீன் உடம்புல போய் சேந்துக்குது.

இப்ப இதைக் கேளுங்க. முதல் மழை பேஞ்சதும் மண் வாசம் வருதே, அதுலயும் ஜியோஸ்மின்தான். 1964ல ஆஸ்திரேலிய விஞ்ஞானிங்க ரெண்டு பேர் அந்த மழை வாசத்துக்கு பெட்ரிகோர்னு பேர் வச்சாங்க, அதுல முக்கியமான ஒரு பங்கு இந்த ஜியோஸ்மினோடது. மனுஷ மூக்குக்கு இது மேல அவ்ளோ கூர்மை, தண்ணில லட்சம் கோடில சில பங்கு இருந்தாலே கண்டுபிடிச்சிடும். மீன்ல இருந்தா முகம் சுளிக்கிறோம், மழைல வந்தா கண்ண மூடி இழுக்கறோம், பொருள் ஒண்ணேதான். பராசரர் எதையும் எடுக்கவும் வேணாம் புதுசா வைக்கவும் வேணாம், இருக்கறதை வேற இடத்துல வச்சா போதும்!

புளித்தண்ணில மீனை ஊறவைக்கிறதுக்கும் இதுதான் காரணம், அமிலம் பட்டா ஜியோஸ்மின் உடைஞ்சு வாசமில்லாத பொருளா மாறிடும். கடல் மீன்ல எலுமிச்சை பிழிஞ்சா அமைன் உப்பா மாறி பறக்காம தங்கிடும். ரெண்டு மீனுக்கும் நம்ம பாட்டிங்க கையில ஒரே வைத்தியம்.

அதனால உங்களுக்கு வேண்டியது மிட்டி அத்தர், அதாவது மண் வாசனை அத்தர். உத்தரப்பிரதேசத்துல கன்னௌஜ்ல பண்றது, கங்கைப் பக்கத்து ஊரு, சத்தியவதி இருந்த நாட்டுக்கும் ரொம்ப தூரம் இல்ல. சுட்ட களிமண்ணை செம்புப் பானைல தண்ணியோட போட்டு காய்ச்சி, ஆவிய மூங்கில் குழாய் வழியா சந்தன எண்ணெய் இருக்கற பாத்திரத்துல இறக்குவாங்க.

நெய்தல்_மக:

நான் தூத்துக்குடி பக்கம் கடக்கரைக்காரி, எங்க அம்மா மீன் வித்துத்தான் எங்களப் படிக்க வச்சா. அக்கா, உங்க மேல கோவம் எதுவும் இல்ல, நீங்க ஆசையாத்தான் பண்றீங்க, ஆனா இந்தக் கதைய படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுல ஒண்ணு இடிக்கும், அதைச் சொல்லிடுதேன்.

அம்மா கூடையோட பஸ்ல ஏறுனா பக்கத்து சீட்டு காலியாவே வரும். என் யூனிபார்ம்ல வாடை வருதுன்னு கூடப் படிச்ச பிள்ளைய தள்ளி உக்காருவா, நான் ரெண்டு தடவ சோப்பு போட்டுக் குளிச்சிட்டுப் போவேன். அதனால மச்சகந்திக்கு வரம் கிடைச்சுதுன்னு சொல்லும்போது எனக்கு முதல்ல தோணுறது, அவ வாடைய யாருக்காக மாத்துனாங்கங்கறதுதான். அவளுக்கு அவ ஆறு நாறியிருக்காது. அவ அப்பாவுக்கும் நாறியிருக்காது.

அப்புறம் ஒண்ணு, புது மீனுக்கு வாடையே கிடையாது. வலைலேர்ந்து இறக்குன மீனை மோந்து பாருங்க, வெள்ளரிக்கா நறுக்குன மாதிரி ஒரு குளிர்ச்சி வரும், நாள்பட்ட மீனை வாங்குறவங்கதான் மீன்னாலே நாத்தம்னு நெனைக்காவ. உங்க சென்ட்டுல நாத்தத்துல ஆரம்பிக்காதீங்க, அந்தக் குளிர்ச்சில ஆரம்பிங்க. கடைசி வரைக்கும் ஆறு இருக்கட்டும். வியாசரப் பெத்தவ அவ, பாண்டவரும் கௌரவரும் அவ மருமகளுங்க வழியா வந்த வம்சம், எல்லாரும் ஒரு மீனவப் பொண்ணுலேர்ந்து வந்தவங்கதானே. அவ மேலேர்ந்து மீனை முழுசா கழுவிடாதீங்க அக்கா.

கெமிஸ்ட்ரி_டீச்சர்:

நெய்தல் மக சொன்னது நூத்துக்கு நூறு சரி. புது மீனோட அந்த வெள்ளரிக்கா வாசத்துக்கு நோனாடையினால் மாதிரியான ஆல்டிஹைடுங்கதான் காரணம், வெள்ளரிக்காயிலயும் அதேதான் இருக்கு, வயலட் இலை அப்சல்யூட்லயும் இருக்கு. நான் இதை முன்னாடியே சொல்லியிருக்கணும், ஆத்து மீன்லயே மூழ்கிட்டேன்.

மார்கழி_பனி:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், அடுத்த பாட்டில் தாழம்பூ பண்ணுங்க ப்ளீஸ். பிரம்மா முடியப் பாத்தார்னு பொய் சாட்சி சொல்லி சிவ பூஜைலேர்ந்து தள்ளி வச்ச பூ, திருவண்ணாமலைல தலபுராணமே அதுதான். ஒடிசா கஞ்சம் பக்கத்துலேர்ந்து கேவ்டா அத்தர், அதாவது தாழம்பூ அத்தர் வருது. மேல தேன் மாதிரி தாழம்பூ, அடில விபூதி, புகை, காய்ஞ்ச சாணம். யோசிச்சாலே உடம்பு சிலிர்க்குது.

காவேரிக்கரை_வாசம்:

மூணு வாரமா பதில் போடல, கலக்கிட்டு இருந்தேன். நெய்தல் மக, உன் பதிலை என் அம்மாகிட்ட படிச்சுக் காமிச்சேன்மா, அவங்க ரொம்ப நேரம் பேசவே இல்ல. நாத்தத்துலேர்ந்து நறுமணம்னு நான் போட்ட கேள்வியே தப்பு, அதை மாத்திட்டேன்.

இப்ப 2 கிராம் கான்சன்ட்ரேட்டுக்கு பண்ணது: மிட்டி அத்தர் 0.50, ஹெடியோன் 0.40, கேலக்சோலைடு 0.30, வெட்டிவேர் எண்ணெய் 0.25, 10 சதவீத ஆம்ப்ராக்சான் 0.25, 10 சதவீத வயலட் இலை 0.10, 1 சதவீத கேலோன் (தண்ணி வாசம் தர்ற கெமிக்கல்) 0.08, கஸ்தூரி வெண்டை 10 சதவீதம் 0.07, மல்லி 0.05. போட்ட உடனே குளிர்ந்த தண்ணி, வெள்ளரி, ஈர மரம். அரை மணி நேரத்துல மழை வர்ற மாதிரி மண்ணு எழும்புது, மல்லி அதுக்கு நடுவுல எங்கியோ தூரத்துல. காலைல போட்டது சாயங்காலம் கைல மஸ்க்கா நிக்குது, ஆனா கிட்ட மோந்தா அந்த ஆத்து மண்ணு இன்னும் இருக்கு. என் தங்கச்சி போட்டுக்கிட்டு மாடிக்கு போனா, கீழேர்ந்து எனக்கு வாசம் தெரிஞ்சுது.

ஒரே பிரச்சனை, ஆல்கஹால் ஊத்துனதும் கலங்கிடுச்சு, வெள்ளையா மோர் மாதிரி. வடிகட்டவா?

வெட்டிவேர்_வியாபாரி:

வடிகட்டுனா தீராதும்மா. உங்க மிட்டி அத்தர் சந்தனத்துல இறக்குனது இல்ல, பாரஃபின் எண்ணெய்ல பண்ணதா இருக்கும், பாரஃபின் ஆல்கஹால்ல கரையாது. இனிமே வாங்கும்போது ஒரு சொட்டை ஆல்கஹால்ல விட்டு தெளிவா நிக்குதான்னு பாத்துட்டு வாங்குங்க. சந்தன அத்தர் விலை கையக் கடிக்கும், இந்த பாட்டிலுக்கு மட்டும் ஆல்கஹால் இல்லாம எண்ணெய் அத்தராவே வச்சுக்கலாம், ஆனா அப்ப தூரம் வீசறது கொஞ்சம் குறையும். சந்தனத்துல இறக்குனது கிடைச்சா திரும்பக் கலக்கி நாலு வாரம் இருட்டுல வைங்க, அதுக்கு முன்னாடி தொறந்து தொறந்து மோந்து பாக்காதீங்க.

நெய்தல்_மக:

அக்கா, நாலு வாரம் கழிச்சு எங்க அம்மாவுக்கு ஒரு சின்ன பாட்டில் கிடைக்குமா? தபால் செலவு நான் தாரேன்.

காவேரிக்கரை_வாசம்:

முதல் பாட்டிலே அம்மாவுக்குத்தான். காசெல்லாம் வேணாம். அம்மா மோந்து பாத்துட்டு ஆறு சரியா வந்திருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லு.