அசூலாவின் குடும்பப் பின்னணி

ஈசூன் வாசி: வணக்கம். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகளுடன் ‘அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரைப் பார்த்து வருகிறேன். அசூலா இத்தனை கொடியவளாக வளர்ந்ததற்கு அவளுடைய குடும்பம்தான் காரணமா என்று மகள் கேட்கிறாள். விளக்க முடியுமா?

தெம்பனிஸ் ரசிகர்: அவள் நெருப்பு நாட்டை ஆளும் ஓசாயின் மகள், நூறாண்டுப் போரைத் தொடங்கிய சோசினின் கொள்ளுப்பேத்தி. தாத்தா அசூலோனின் பெயரையே அவளுக்குச் சூட்டினார்கள். நம் வீடுகளிலும் அவ்வழக்கம் உண்டு. ஆனால் அங்கே பாசத்தைவிட அரியணைக் கணக்கே மிகுதி என்பது என் கருத்து.

உட்லண்ட்ஸ் அக்கா: தாய்வழியை விட்டுவிட்டீர்களே! தாய் உர்சா, சோசினின் நண்பரும் நீர், நிலம், நெருப்பு, காற்று நான்கையும் ஆளும் ‘அவதார்’ ஆக முன்பு இருந்தவருமான ரோக்குவின் பேத்தி. எரிமலைச் சீற்றத்தில் சாகட்டும் என்று சோசின் கைவிட்டுச் சென்ற அதே நண்பரின் இரத்தமும் அசூலாவிடம் ஓடுகிறது. தன் தாயே தன்னை அரக்கியாக எண்ணினார் என்று மூன்றாம் பருவத்தில் அவள் அலட்சியமாகச் சொல்வதுபோல் சொன்னாலும், இறுதியில் கண்ணாடியில் தாயின் உருவம் தெரிந்ததும் அவள் உடைந்துபோவதைப் பார்த்தால், தந்தையின் பாராட்டைவிட அந்த வலியே ஆழமானது என்று தோன்றுகிறது.

ஈசூன் வாசி: நன்றி அக்கா. ஐரோவை ‘மாமா’ என்று சொல்லிக்கொண்டிருந்த மகளிடம், அவர் ஓசாயின் அண்ணன், எனவே பெரியப்பா என்று திருத்திவிட்டேன்.