வலி மாத்திரைக்குப் பதில் ஊசி போட்டால் வயிற்றுப் புண் வராதா?

செம்பனை மகள் (ஊத்தான் மெலிந்தாங்):
வணக்கம். செம்பனைக் குலை வெட்டியே முழங்கால் தேய்ந்துபோன என் அப்பாவுக்கு வயது 68. டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம் வலி மாத்திரையைக் காலையும் இரவும் பல மாதங்களாகச் சாப்பிடுகிறார். இதயத்துக்காக ஆஸ்பிரினும் உண்டு. இப்போது மேல்வயிறு எரிகிறது என்கிறார். ஊசி போட்டுக்கொண்டால் மருந்து வயிற்றில் படாது, புண்ணும் வராது என்று பக்கத்து வீட்டு மாமா சொல்கிறார். அது சரிதானா?

பழைய டிரெசர் (தோட்ட மருத்துவமனை உதவியாளர்):
வணக்கம் அம்மா. மாமா சொல்வதைத் தோட்டத்தில் பலரும் நம்பினார்கள். ஆனால் அது சரியன்று. இரைப்பையின் உட்சுவரைத் தன் அமிலமே அரித்துவிடாமல் காப்பவை அதன்மேல் படிந்த சளிப்படலமும், அதில் கலந்த பைகார்பனேட்டும், அடியில் ஓடும் இரத்தமும். இவை குறையாமல் பார்த்துக்கொள்பவை உடலே உண்டாக்கும் புரோஸ்டகிளாண்டின்கள் என்னும் வேதிப்பொருள்கள். முழங்காலில் வீக்கத்தை வளர்ப்பதும் அதே வகைப் பொருள்கள்தாம் என்பதால், மருந்து அங்கே அவற்றைத் தடுக்கும்போது இரைப்பையிலும் தடுத்துவிடுகிறது. ஆஸ்பிரின் இவ்வாறே வேலை செய்கிறது என்பதை ஆங்கிலேய மருந்தியல் அறிஞர் ஜான் வேன் 1971இல் காட்டினார். மருந்து இரத்தத்தின் வழியாகவும் வந்து சேர்வதால் ஊசியிலும் தப்ப முடியாது. சோற்றுக்குப் பிறகு சாப்பிட்டால் குமட்டல் குறையலாம், புண் தடைபடும் என்று நம்பியிருக்க முடியாது.

65 வயதைக் கடந்து ஆஸ்பிரினும் எடுப்பவருக்கு ஆபத்து கூடுதல். வயதானவர்களுக்கு வலியே இல்லாமலும் இரத்தம் கசியும். மலம் தார்போலக் கறுத்து ஒட்டினாலோ, வாந்தியில் இரத்தம் தெரிந்தாலோ, தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

மருந்தக ஊழியர்:
மேலே சொன்னது முழுக்கச் சரி. இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, டைக்ளோஃபெனாக்கை நிறுத்தலாமா, வலிக்குப் பாராசிட்டமாலோ பூசும் ஜெல்லோ போதுமா, உணவுக்கு முன் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரஸோல் வேண்டுமா, வயிற்றுப் புண் உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் கிருமிக்குச் சோதனை தேவையா என்று கேளுங்கள். ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். அப்பா வேறு ஏதேனும் சாப்பிடுகிறாரா?

செம்பனை மகள்:
நன்றி ஐயா. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மூட்டுவலி ஜாமு (நாட்டு மூலிகை மருந்து) ஒன்றும் சாப்பிடுகிறார். உறையில் அரசு தரும் எம்ஏஎல் மருந்துப் பதிவெண் இல்லை.

மருந்தக ஊழியர்:
இதுதான் எனக்குக் கவலை தருகிறது. இத்தகைய பதிவில்லாத மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பது மலேசியாவில் கண்டறியப்பட்டிருக்கிறது. வலி மருந்தோடு அது சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு பெருகும். நெடுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென விட்டாலும் உடல் தாங்காது என்பதால், நாளைக்கே அந்த உறையையும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு அரசு கிளினிக்குக்குச் செல்லுங்கள்.