விண்டோஸ் 10-லிருந்து லினக்ஸ் மின்ட்: ஒரு தட்டச்சுக் கடை எதை எதிர்பார்க்கலாம்?

அஸ்தம்பட்டித் தட்டச்சர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் நீதிமன்றத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் வந்துபோகிறவர்களுக்கு மனு, வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம் முதலியவற்றைத் தட்டச்சு செய்து கொடுக்கும் ஜாப் டைப்பிங் கடை நடத்தி வருகிறேன். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வேலையும் சேர்ந்துகொள்ளும். கடையில் உள்ள கணினிகள் இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி கொண்டவை. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும் என்பதால், இவற்றை அதற்கு மாற்ற வழியில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் ஒன்றில் மட்டும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவியிருக்கிறேன்.

கணினி முன்பைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறது. ஆனால் வேலை இன்னும் படியவில்லை. பழைய கணினியில் அடித்த கிரயப் பத்திரத்தை இதில் திறந்தால் மூன்றாம் பக்கத்தின் கடைசி வரிகள் நான்காம் பக்கத்துக்குப் போய்விடுகின்றன. தமிழ்த் தட்டச்சில் உயர்நிலைத் தேர்வு முடித்து எங்களிடம் வேலை செய்யும் சகோதரிக்கு எழுத்துகள் விரலுக்கு வரவில்லை. சி, டி என்ற டிரைவுகளைக் காணோம். இவற்றில் அமைப்பை மாற்றினால் சரியாகக்கூடியவை எவை, நாங்கள் பழகிக்கொள்ள வேண்டியவை எவை, லினக்ஸில் எப்போதும் கிடைக்காதவை எவை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால், மற்ற கணினிகளைப் பற்றி முடிவெடுப்பேன்.

நிரல்வாசகி எழுதியது:

வணக்கம் ஐயா. பத்திரத்தில் பக்கம் தள்ளுவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் தொழிலில் அதுதான் பெரிய விஷயம். முத்திரைத்தாளில் மேல்பாதியை விட்டு அடிக்கிறீர்கள், பக்கத்துக்குப் பக்கம் அடியில் கையொப்பம் வாங்குகிறீர்கள். அங்கே இரண்டு வரி நகர்ந்தாலும் தாள் வீணாகும்.

உங்கள் பத்திரம் லதா அல்லது நிர்மலா எழுத்துருவில் இருக்கும் என்று நினைக்கிறேன். அவை விண்டோஸோடு வருகிறவை. உரிமம் காரணமாக லினக்ஸில் அவற்றைச் சேர்த்துக் கொடுப்பதில்லை. கோப்பு கேட்கும் எழுத்துரு கணினியில் இல்லாதபோது லிப்ரெஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் நோட்டோ சான்ஸ் தமிழையோ லோஹித் தமிழையோ அந்த இடத்தில் வைத்துக் காட்டுகிறது. எழுத்தின் அகலமும் வரியின் உயரமும் மயிரிழை அளவு மாறினால் போதும், பத்து வரிக்கு ஒரு சொல் அடுத்த வரிக்கு இறங்கி, மூன்று பக்கத்தில் அது இரண்டு வரியாகச் சேர்ந்துவிடும். ஆங்கிலத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. கலிப்ரிக்குக் கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் என்று அதே அகலத்துக்கு அளவெடுத்துச் செய்த இலவச எழுத்துருக்கள் உண்டு. லினக்ஸோடு வரும் தமிழ் எழுத்துருக்கள் அப்படி அளவெடுத்துச் செய்யப்பட்டவை அல்ல.

ஆகவே இதற்கு வழி, எல்லாக் கணினிகளிலும் ஒரே எழுத்துருவை வைத்துக்கொள்வதுதான். நோட்டோ குடும்பத்தை விண்டோஸிலும் தடையில்லாமல் நிறுவலாம். அதை வைத்து முத்திரைத்தாளுக்கு ஒரு மாதிரிக் கோப்பு, வெள்ளைத்தாளுக்கு ஒரு மாதிரிக் கோப்பு என்று ஒருமுறை உட்கார்ந்து செய்துவிட்டால் புதிய பத்திரங்களுக்கு இந்தத் தொல்லை இராது. பழைய பத்திரங்களை மட்டும் திறந்தவுடன் அச்சிடாமல், பக்கம் பார்த்துச் சரிசெய்து, பிடிஎஃப் ஆக்கிய பிறகு அச்சிடுங்கள்.

விசைப்பலகைக்கும் வழி இருக்கிறது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ் 99, ஃபொனெடிக், இன்ஸ்கிரிப்ட் ஆகியவற்றோடு பழைய தட்டச்சுப்பொறி அமைப்பும் கிடைக்கும். சகோதரிக்கு அந்த அமைப்பைத் தேர்ந்து கொடுங்கள். உயிர்மெய் எழுத்துகள் விரலுக்கு வந்துவிடும். சில குறிகளும் கிரந்த எழுத்துகளும் வேறு விசையில் இருக்கக்கூடும், அவற்றை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். உயர்நிலைத் தேர்வு முடித்தவரைப் புதிதாகத் தமிழ் 99 கற்றுக்கொள்ளச் சொல்வது, பல ஆண்டு உழைத்துப் பெற்ற வேகத்தைப் பறிப்பதாகும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஒருங்குறிக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய மனுக்களும் இருந்தால் அந்த எழுத்துருவை மின்ட்டில் நிறுவினாலே அவை திறக்கும். ஆனால் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அடிக்கடி எடுக்கும் மாதிரிகளையாவது ஒருங்குறிக்கு மாற்றி வைத்துக்கொண்டால் எந்தக் கணினிக்குப் போனாலும் அவை கூடவே வரும்.

டிரைவுகள் பழகிக்கொள்ள வேண்டியவை. லினக்ஸில் எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். உங்கள் கோப்புகள் அனைத்தும் உங்கள் பெயரில் உள்ள ஒரு கோப்புறைக்குள் இருக்கும், பழைய டி டிரைவும் பக்கப்பட்டியில் ஒரு வட்டாகத் தெரியும். கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வேறு வேறு என்பதையும் சகோதரியிடம் சொல்லி வையுங்கள். ஒரே பத்திரம் இரண்டு பெயரில் சேமிக்கப்பட்டு, திருத்தாத நகல் அச்சாகிவிடக் கூடாது.

சேர்வராயன் பக்கத்தான் எழுதியது:

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். நாங்களும் இதே காரணத்தால் மாறினோம். மாறுவதற்கு முன்பு மென்பொருள்களின் பெயர்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் ஈடு தேடாமல், அலுவலகத்தில் நடக்கும் வேலைகளை எழுதினோம்: ஆள் கூலிப் பட்டியல், கடிதம், மின்னஞ்சல், வங்கி, கணக்கு. கணக்கைத் தவிர மற்ற எல்லாம் உலாவியிலும் லிப்ரெஆபீஸிலும் அடங்கிவிட்டன. கணக்கு டாலியில் இருக்கிறது; அதற்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. அதற்காக ஒரு விண்டோஸ் கணினியை வைத்துக்கொண்டோம், அதில் எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை.

காலமும் முக்கியம். பழம் பறிப்பு நடக்கும் மாதங்களில் எதையும் மாற்றக் கூடாது என்று முதலாளி சொன்னது மிகவும் சரி. நீங்களும் முகூர்த்தம் குறைந்த மாதத்தில், ஆடியிலோ மார்கழியிலோ, அடுத்த கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் இணையத்தில் தேடிப் பதிவிறக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு மின்ட்டோடு வரும் மென்பொருள் மேலாளரிலேயே முதலில் தேடுங்கள். அங்கிருந்து நிறுவியவற்றுக்கெல்லாம் புதுப்பிப்பு ஒரே இடத்தில் வருகிறது. மழைநாளில் மலைமேல் இணைப்பு விட்டு விட்டு வரும் எங்களுக்கு, எவ்வளவு இறக்க வேண்டும் என்று முதலில் பார்த்து, எப்போது இறக்குவது என்று நாமே முடிவு செய்ய முடிவது பெரிய நிம்மதி.

செவ்வாய்ப்பேட்டை வரைகலை எழுதியது:

கல்யாணப் பத்திரிகை வேலையை மட்டும் மாற்றாதீர்கள் என்பது என் கருத்து. கோரல் டிராவும் போட்டோஷாப்பும் லினக்ஸுக்கு வருவதில்லை. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள் கோரல் கோப்பைத் திறக்கும், ஆனால் திறந்தது திறந்தபடி இருக்கும் என்று நம்பி வாடிக்கையாளருக்கு நாள் சொல்ல முடியாது. ஆஃப்செட் அச்சகம் கோரல் கோப்பாகவே கேட்டால் வேறு வழியும் இல்லை. புத்தகம், மலர் போன்ற நீண்ட வேலைகளுக்கு ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இப்போது நன்றாக இருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகள் சிதையாமல் அமைகின்றன. ஒரு கணினியில் விண்டோஸை அப்படியே வைத்து, இணைய இணைப்பை எடுத்துவிட்டு, வடிவமைப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை நேராக அதில் செருகாமல் முதலில் மின்ட் கணினியில் திறந்து, தேவையான கோப்பை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

அஸ்தம்பட்டித் தட்டச்சர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நோட்டோவை எல்லாக் கணினிகளிலும் நிறுவிவிடுகிறேன். பத்திரிகை வேலையை விண்டோஸிலேயே விட்டுவிடச் சொன்னது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும் என்று நினைத்துத்தான் திணறிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு சந்தேகம். மின்ட் உள்ள கணினியில் விண்டோஸையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். டி டிரைவில் உள்ள பழைய பத்திரங்கள் மின்ட்டில் திறக்கின்றன, ஆனால் திருத்திச் சேமிக்க முடியவில்லை, படிக்க மட்டும்தான் அனுமதி என்கிறது. வட்டு கெட்டுவிட்டதா?

நிரல்வாசகி எழுதியது:

பெரும்பாலும் வட்டு நன்றாகத்தான் இருக்கும் ஐயா. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இயங்கிக்கொண்டிருக்கிறது. ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் அது முழுதாக நிற்காமல், தன் நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்கப் போகிறது. அந்த நேரத்தில் மற்றொரு இயங்குதளம் அதே வட்டில் எழுதினால் கோப்புகள் குலையக்கூடும் என்பதால் லினக்ஸ் எழுத மறுக்கிறது. உங்கள் பத்திரங்களைக் காப்பதற்காகவே அந்த மறுப்பு. எந்தக் கட்டளையைக் கொடுத்தும் அதை வலிந்து திறக்க வேண்டாம். விண்டோஸுக்குள் போய், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், பவர் பொத்தான்களின் செயலைத் தேர்வு செய்யும் பக்கத்தில் அந்த வசதியை நிறுத்திவிட்டு, ஒருமுறை முழுமையாக அணைத்து மின்ட்டுக்கு வாருங்கள். அதை நிறுத்தும்வரை, விண்டோஸிலிருந்து மின்ட்டுக்கு வரும்போது ‘ஷட் டவுன்’ கொடுக்காமல் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து வந்தால், டி டிரைவில் சேமிக்க முடியும்.