மியூனிக் ஜெப ஆலயம்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மியூனிக்கில் இருக்கும் நம்மவர்கள் கார்ல்ஸ்டோர் கடைத்தெருவுக்குப் போகாமல் இருந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பின்னால் ஹெர்சோக் மாக்ஸ் தெருவில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. வீட்டம்மா கடைக்குள் இருக்க, பைகளோடு வெளியே நின்றபோதுதான் அதிலிருந்த எபிரேய எழுத்து கண்ணில் பட்டது. 1887இல் திறந்த பெரிய யூத ஜெப ஆலயம் நின்ற இடம். இடித்தது 1938 ஜூனில்.

ஜூன் என்றதும் உறுத்தியது. நாஜிகள் ஜெர்மனி முழுக்க ஜெப ஆலயங்களைக் கொளுத்தியது அதே வருஷம் நவம்பர் 9 இரவில்தானே? வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஐந்து மாதம் முன்பே, ஹிட்லரின் உத்தரவில், பட்டப்பகலில் ஆள் வைத்து இடித்திருக்கிறார்கள். சொன்ன காரணம் போக்குவரத்து வசதி! ஜூன் 8 அன்று யூதர்களுக்குத் தகவல், மறுநாளே வேலை ஆரம்பம். இடையில் கிடைத்த மாலைப்பொழுதில் கடைசி வழிபாட்டை நடத்தி, யூதர்களின் வேதமான தோரா சுருள்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். காலியான மனையில் கார் நிறுத்தினார்கள். கும்பல் சேர்ந்து கொளுத்தியதைவிட இந்த ஆபீஸ் முறைதான் எனக்கு அதிகம் கசந்தது.

*

அண்ணா, நீங்கள் பார்த்தது 1969இல் வைத்த கல். ஆலயத்தின் கல்லே ஆற்றுக்குள் கிடந்தது தெரியுமா?

நான் ஈசார் ஆற்றோரம் சைக்கிளில் போகிறவன். 2023 கோடையில் க்ரோஸ்ஹெஸலோஹே தடுப்பணையில் ரிப்பேர் வேலை நடந்தது. ஜூன் கடைசியில் செய்தி வந்தது: வேலையாட்கள் தோண்டியெடுத்த கற்களில் தூண் துண்டுகள், கூடவே பத்துக் கட்டளைகள் பொறித்த கற்பலகையின் ஒரு பகுதி. எபிரேயம் இன்னும் படிக்கிற மாதிரியே இருந்தது. 1956இல் அணையைப் பலப்படுத்த, குண்டுவீச்சில் இடிந்த கட்டிடங்களின் கல்லோடு இதையும் சேர்த்துக் கொட்டியிருக்கிறார்கள். 1956 என்றால் நாஜிகள் போய்ப் பதினொரு வருஷம்! லாரியில் ஏற்றியவன், கொட்டியவன், ஒருத்தன்கூடவா அந்த எழுத்தைப் பார்க்கவில்லை?

கண்டெடுத்தபோது மியூனிக் யூதர் அமைப்பின் தலைவர் சார்லோட்டே நோப்லாக். ஆலயத்தை இடித்தபோது அவருக்கு ஐந்து வயது.

*

இருவருக்கும் நன்றி. அப்படியே யாகோப் சதுக்கத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். 2006 நவம்பர் 9 அன்று திறந்த புது ஜெப ஆலயம் அங்கேதான் இருக்கிறது. தரைக்கடியில் ஒரு நடைபாதை, அதில் கண்ணாடிப் பலகைகள். கொல்லப்பட்ட மியூனிக் யூதர்கள் 4,500க்கும் அதிகமானவர்களின் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்து என் மகள், "இவங்கல்லாம் ஒரே வீடாம்மா?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

சும்மா போய் நுழைய முடியாது. முன்பதிவு வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும், பை சோதனை உண்டு. சலித்துக்கொள்ளாதீர்கள். 2003இல் இதன் அடிக்கல் விழாவுக்குக் குண்டு வைக்கத் திட்டம் போட்ட நியோ நாஜிக் கும்பலைப் போலீஸ் முன்கூட்டியே பிடித்தது. முன்பதிவில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள், இனிஷியல் வைத்து எழுதுகிறவர்கள் முக்கியமாக.