பியானோ இசைத்தாளில் நோட்டுக்குக் கீழே பென்சிலில் எழுத்து எழுதலாமா?

இரவுராகம்:
தினமும் 15 நிமிடம் உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் சைட் ரீடிங் வந்துவிடும், முதல் மாதம் மட்டும் ஒவ்வொரு நோட்டுக்குக் கீழும் சி, டி, இ என்று அதன் பெயரைப் பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் இங்கே சொல்லியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 18 வருடமாகப் பியானோ சொல்லித் தருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முதல் பாடமே அழிரப்பர்தான். எழுத்து இருந்தால் கண் எழுத்துக்குத்தான் போகும், நோட்டு உட்கார்ந்திருக்கும் ஐந்து கோட்டுக்குப் போகாது.

ஐந்துகோடு:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டுங்கள். 42 வயதில் ஆரம்பித்தவன் நான். எழுதி வைத்துத்தான் படித்தேன், இப்போது எழுதாமலே வாசிக்கிறேன்.

இரவுராகம்:
எழுதாமலா? போன மாதம் நீங்கள் இங்கே போட்ட பக்கத்தில் பாஸ் கிளெஃப், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான கோட்டு வரிசை முழுக்க எழுத்து இருந்தது. கிளெஃப் என்பது எந்தக் கோடு எந்த நோட்டு என்று காட்ட வரிசையின் தொடக்கத்தில் போடும் குறி. உயர்ந்த சுரங்களுக்கான ட்ரெபிள் கிளெஃபின் சுருள் சுற்றி நிற்கும் ஜி, பாஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிக்கு நடுவே இருக்கும் எஃப், இரண்டுக்கும் இடையில் நடு சி. இந்த மூன்றும் கண்ணுக்குப் பழகட்டும். கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஒரு நோட்டைத் தாண்டுகிறோம், பக்கத்து இடைவெளிக்குப் போனால் அடுத்த நோட்டு. ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே கை போகும். பெயர் எதற்கு?

புதுமாணவி:
சைட் ரீடிங் என்றால் முதல் முறை பார்த்ததுமே வாசிப்பதா, நோட்டைப் பார்த்து வாசிப்பது எல்லாமேவா? அதை முதலில் சொல்லுங்களேன்.

வயலின்பித்தன்:
கர்நாடக சங்கீதத்தில் ச ரி க ம என்று எழுத்தை வைத்துத்தான் வாசிக்கிறோம். எங்களுக்கு எழுத்து ஆகும், உங்களுக்கு மட்டும் தீட்டா?

இரவுராகம்:
புதுமாணவி, முதல் முறை பார்த்ததுமே வாசிப்பதுதான் சைட் ரீடிங். வயலின்பித்தன், அங்கே எழுத்தே நொட்டேஷன், அதாவது இசையை எழுதும் முறை. இங்கே கோடுதான் நொட்டேஷன். 11ஆம் நூற்றாண்டில் குய்தோ என்ற இத்தாலியத் துறவி கோடு போட்டதே, பாடகர்கள் வருடக்கணக்கில் காதால் கேட்டே மனப்பாடம் செய்துகொண்டிருந்ததால்தான். அந்தக் கோட்டின் மேல் மறுபடி எழுத்தை ஒட்டினால் எப்படி?

வயலின்பித்தன்:
அதே குய்தோ கோட்டின் தொடக்கத்தில் எஃப், சி என்று எழுத்தைத்தான் போட்டார். கிளெஃபே எழுத்திலிருந்து வந்ததுதான்.

இரவுராகம்:
கோட்டின் தலையில் ஒரே ஒரு எழுத்து. நோட்டுக்கு நோட்டு எழுதவில்லை.

ஐந்துகோடு:
தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் எல்லோரையும் விரட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

இரவுராகம்:
அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி. நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள், தப்பு விழுந்தாலும் நிற்காமல் போங்கள். பழகிய பக்கம் வேண்டாம், தினமும் புதுப் பக்கம். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பின் நேரடித் தேர்வில் சைட் ரீடிங்குக்கு 150இல் 21 மதிப்பெண். வாசிக்கும் முன் பார்த்துக்கொள்ள அரை நிமிடம்தான். அதில் பென்சில் எடுத்து எழுதுவீர்களா?

ஐந்துகோடு:
தேர்வுக்காகவா வாசிக்கிறோம்? என் வீட்டில், என் பியானோவில், எனக்காக வாசிக்கிறேன். நான் எழுதுவேன்.

வயலின்பித்தன்:
அப்படிச் சொல்லுங்கள் அண்ணே. ஆனால் மெட்ரோனோம் விஷயத்தில் நான் அவர் பக்கம்தான்.

ஐந்துகோடு:
இப்போது உங்களை யார் கேட்டார்கள்?

இரவுராகம்:
பேச்சு வேண்டாம். இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை எழுத்தில்லாமல் வாசித்துப் பதிவு போடுங்கள். பக்கத்தை நான் தருகிறேன்.

ஐந்துகோடு:
நீங்கள் தருவதை நான் தொடமாட்டேன். வேறு யாராவது தரட்டும்.

இரவுராகம்:
யார் தந்தாலும் சரி. கீழே எழுத்து இருக்கக் கூடாது.