சபை முதியவர்களை வைத்து நகைச்சுவைக் கதை: கேலியாகாமல் எழுதுவது எப்படி?

பாலாற்றங்கரை:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தபால் நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் முத்திரை குத்திவிட்டு, இப்போது கதை எழுதுகிறேன். ஊர் ராணிப்பேட்டைப் பக்கம். எங்கள் சபையில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் சென்னை, பெங்களூர் என்று போய்விட்டார்கள். ஆகவே என் கதைகளிலும் கிழவர்கள்தான்.

காணிக்கையாக வரும் விளைச்சலைச் சபையில் ஏலம் விடுவோமே, அந்த அறுப்பின் பண்டிகை ஏலத்தை வைத்து ஒன்று எழுதினேன். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய், ஒரு கூறு. ஐம்பது ரூபாயில் தொடங்குகிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் முன்னாள் ராணுவக்காரரும் போட்டி போட்டு 1,850 ரூபாய்க்கு ஏற்றிவிடுகிறார்கள். எடுத்தவர் வாத்தியார். அவருக்கோ கத்தரிக்காய் ஆகாது, தின்றால் உடம்பெல்லாம் அரிக்கும். பெருந்தன்மையாக "சபைக்கே திருப்பிக் கொடுக்கிறேன்" என்கிறார். மறு ஏலம். இந்த முறை ராணுவக்காரர் எடுத்து, அவரும் திருப்பிக் கொடுக்கிறார். மூன்றாம் சுற்றில் காய் வாடியே போகிறது. நடுவில், ராணுவக்காரருக்குக் காது மந்தம் என்பதால் தொகையைத் தப்பாகக் கேட்டுத் தப்பாகக் கூவுவதாக மூன்று இடங்களில் வைத்திருந்தேன்.

சபைச் செய்தி மடலுக்கு அனுப்பினேன். "முதியோரைக் கேலி செய்கிறது, வேத வசனம் இல்லை, இருவரும் மன்னிப்புக் கேட்டு ஜெபிப்பதாக முடிக்கவும்" என்று திரும்பி வந்துவிட்டது. முடித்துப் பார்த்தேன். பந்தல் பிரித்த கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது கதை. என்ன செய்யலாம்?

ஆம்பூர் மருமகள்:
ஐயா, ஏலத்தில் கை வைக்காதீர்கள், காதை எடுத்துவிடுங்கள். காது மந்தம், பல்செட்டு, மூட்டுவலி எல்லாம் எந்த ஊர்க் கிழவருக்கும் உண்டு. அதைப் பார்த்துச் சிரித்தால் கேலிதான், செய்தி மடல்காரர்கள் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் தனக்கு ஆகாத காயை 1,850 கொடுத்து வாங்குகிறாரே, அது கௌரவம். எனக்கு முப்பத்தெட்டு வயது, நானும் அதைச் செய்திருக்கிறேன் (பூசணிக்காய், தொகையைச் சொல்ல மாட்டேன்).

வாலாஜா வாசகன்:
வசனம்தானே வேண்டும் அவர்களுக்கு? பைபிளில் ஆதியாகமம் 18ஐக் கொடுங்கள். தொண்ணூறை நெருங்கும் சாராள், பிள்ளை பிறக்கும் என்று கேட்டதும் கூடார வாசலில் நின்று உள்ளுக்குள் சிரிக்கிறாள். பிறகு "நான் நகைக்கவில்லை" என்று சாதிக்கிறாள். "இல்லை, நீ நகைத்தாய்" என்று கர்த்தரிடமிருந்து பதில் வருகிறது. பிள்ளைக்கு வைத்த பெயரும் ஈசாக்கு, நகைப்பு என்றே அர்த்தம். இதைவிட நல்ல கிழவி கதை எங்கே இருக்கிறது? அங்கே யாரும் மன்னிப்புக் கேட்டு முடிக்கவும் இல்லை.

இன்னொன்று. நம் பக்கத்து ஆட்களின் பெருமையைக் கதையில் விடாதீர்கள். "எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஸ்கடர் துரை" என்று சொல்லாத பழைய குடும்பம் ஆற்காட்டு மிஷன் ஊர்களில் உண்டா? 1853இல் அந்த மிஷனைத் தொடங்கியதே அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள்தான். எந்த ஸ்கடர் என்று கேட்டுவிடாதீர்கள். ஏழு அண்ணன் தம்பிகள் இங்கே ஊழியம் செய்திருக்கிறார்கள், யாரும் யாரையும் மடக்க முடியாது.

குடியாத்தம் பேத்தி:
என் பாட்டியை மடக்கலாம் என்று நினைத்தோம். தான் பிறந்தபோது பிரசவம் பார்த்தது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடரே என்பது பாட்டியின் முதல் பெருமை. வயது எழுபத்து நான்கு என்பது இரண்டாவது. இரண்டையும் இத்தனை நாள் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு வந்த என் தம்பிதான் கணக்குப் போட்டான். ஐடா அம்மையார் 1946இல் ஓய்வு பெற்றுவிட்டார். அப்படியென்றால் பாட்டி எண்பதைத் தொட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பிரசவம் பார்த்தது வேறு யாரோ.

வீடே அமைதியானது. பாட்டி முறுக்கு பிழிவதை நிறுத்தவில்லை. ஒரு சுற்று முடித்துவிட்டு, "அம்மா ஓய்வு பெற்றது உத்தியோகத்திலிருந்து. கை மறந்துவிடுமா?" என்றார். தம்பி 1960இல் அம்மையார் இறந்ததுவரை இறங்கிப் பார்த்தான், பலிக்கவில்லை. அதற்குள் அவன் தட்டிலிருந்த முறுக்கு மட்டும் திரும்ப டப்பாவுக்குள் போய்விட்டது.

பாலாற்றங்கரை:
மூவருக்கும் நன்றி. காதை எடுத்துவிட்டேன். முடிவையும் மாற்றினேன். வாடிய கத்தரிக்காயை யாரும் கேட்காததால் வாத்தியாரே துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். 1,850 ரூபாய்க் காயை வீணாக்கலாமா என்று அவர் வீட்டம்மா எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துவிடுகிறார். வாத்தியாரும் தின்றுவிடுகிறார். அடுத்த ஞாயிறு, பிரசங்க நேரத்தில் மனிதர் நெளிந்து நெளிந்து சொறிகிறார். பின்வரிசையிலிருந்து ஒரு கை நீள்கிறது, கையில் அரிப்புக்குத் தடவும் கலாமின் புட்டி. ராணுவக்காரர். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான்.

சாராளின் வசனத்தைத் தலைப்புக்குக் கீழே போட்டு மறுபடி அனுப்பியிருக்கிறேன். பேத்தியம்மா, உங்கள் பாட்டியின் கதையை அடுத்ததாக எழுதிக்கொள்ளலாமா? கேட்டுச் சொல்லுங்கள்.

குடியாத்தம் பேத்தி:
கேட்டேன் ஐயா. தாராளமாக எழுதலாமாம். வயதை மட்டும் போடக் கூடாதாம்.