சிம்பலைப் பழசாக்கிச் சத்தத்தை மாற்றுவது: செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

டிரம் செட்டில் குச்சியால் தட்டும் வட்ட உலோகத் தட்டான சிம்பலில் முதலில் மேற்பூச்சைப் பாருங்கள். லாக்கர் என்ற வார்னிஷ் மாதிரிப் பூச்சு இருக்கும்வரை வினிகரும் பிடிக்காது, மண்ணில் புதைத்தாலும் கறுக்காது. ஓரத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்தால் பூச்சு பிசுபிசுவென்று வரும். முழுவதும் எடுத்துவிட்டுப் பாத்திர சோப்பில் கழுவிக் காயவையுங்கள். விரல் பட்ட எண்ணெய் திட்டாக நிற்கும் என்பதால் கையுறை அவசியம்.

ஒரு கப் வெள்ளை வினிகருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு. டிஷ்யூ பேப்பரை இதில் நனைத்துப் பரப்பி, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி ஒரு ராத்திரி விடுங்கள். பேப்பர் அழுந்த ஒட்டிய இடம் செம்பு நிறத்துக்கு வெளுக்கும். காற்றுப் புகுந்த சுருக்கங்களில்தான் பச்சைக் களிம்பு ஏறும். ஆகவே கசக்கிப் போடுவதே நல்லது.

—

மேலே சொன்னதில் உப்புதான் வில்லங்கம். வெறும் தண்ணீரில் அலசினால் கடைசல் வரிகளுக்குள் (சிம்பலின் மேல் வட்டவட்டமாக ஓடும் நுண்ணிய பள்ளங்கள்) உப்பிலுள்ள குளோரைடு தங்கி, வெளிர் பச்சைப் பொடியாகப் பூத்து அரித்துக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் வரியோட்டமாகத் தேய்த்து, ஹேர் டிரையரில் காயவைக்கவும். நிறம் பிடிக்கவில்லையா, புளி இருக்கவே இருக்கிறது.

—

களிம்பு ஏற்ற அம்மோனியா ஆவியில் தொங்கவிடும் முறையைப் பித்தளைச் சிம்பலில் செய்யாதீர்கள். மலிவு செட்டோடு வருபவை பெரும்பாலும் பித்தளைதான். சுத்தியலடியில் இறுகிய பித்தளை அம்மோனியா பட்டால் தானாகவே விரிசல் விடும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் விரிசல் விட்டதற்குக் குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் கண்டுபிடித்தார்கள்.

கேஸ் டார்ச் தீயால் சுட்டு வானவில் நிறம் வரவைப்பதும் ஆபத்துதான். பி20, அதாவது 20 சதவீதம் வெள்ளீயம் கலந்த வெண்கலம், செக்கச்செவேலென்று காய்ந்து உடனே தண்ணீரில் முங்கினால்தான் வளைந்து கொடுக்கும். அந்தச் சூட்டுக்குப் போய் மெல்ல ஆறினால் கண்ணாடி மாதிரி உடையும்.

—

நிறம் மாறிய அளவுக்குச் சத்தம் மாறாது. வரிகளில் களிம்பும் அழுக்கும் அடைவதால் மேல்ஸ்தாயி மினுமினுப்பு கொஞ்சம் அடங்கும், ரீங்காரம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். அது மட்டும் போதுமென்றால், அடிப்பக்கத்தில் பெல்லுக்கும் (நடுவில் இருக்கும் குமிழ்) விளிம்புக்கும் நடுவே 5 செ.மீ. காஃபர் டேப் என்ற துணி டேப்பை ஒட்டிப் பாருங்கள், வேண்டாமென்றால் உரித்துவிடலாம். ரைடில், அதாவது தாளத்தைத் தொடர்ந்து தட்டும் பெரிய சிம்பலில், 'ஸ்ஸ்' என்ற இழுப்பு வேண்டுமானால் ரிவெட், அதாவது ஓட்டையில் தளர்வாக ஆடும் சின்ன உலோக ஆணி. விளிம்பிலிருந்து சுமார் 25 மி.மீ. உள்ளே, ரிவெட்டின் தண்டைவிடச் சற்றே பெரிய ஓட்டை போடுங்கள். இறுக்கமாக உட்கார்ந்தால் அது ஆடாது, சத்தமும் வராது. அடியில் மரக்கட்டை கொடுத்து, டிரில்லை மெதுவாகச் சுற்றவிட்டு, பிசிறை இரண்டு பக்கமும் மழித்துவிடுங்கள். அந்தப் பிசிறிலிருந்துதான் விரிசல் தொடங்கும்.